எதிர்ப்பு சக்தி குறைந்ததா, கூடியதா? தீவிரத் தொற்றில் என்.கே. செல்களுக்கு என்ன ஆகிறது?

வெண்பனி
செவ்வாய், காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் பழைய மருத்துவக் கோப்பை நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி மறுபடி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் அப்பாவுக்குக் கொரோனா வந்தது. அப்போது வயது 61. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. தினமும் விடியற்காலையில் ஆற்றுப் பாலம் வரை நடந்து போய்த் திரும்புகிற மனிதர். தடுப்பூசி போட்டுக்கொள்வதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. ஏழாம் நாள் மூச்சு வாங்கியது, எட்டாம் நாள் ஐ.சி.யூ. மொத்தம் 19 நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அதே வீட்டில் அதே வாரம் தொற்றிய அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சலோடு சரி.

அப்போது இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒருவர், "உங்கள் அப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி விழுந்துவிட்டது, லிம்போசைட் என்கிற வெள்ளையணு 480-தான் இருக்கிறது" என்றார். மறுநாள் வந்தவர், "எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு" என்றார். விழுந்ததை ஏன் அடக்க வேண்டும்? அந்த நேரத்தில் கேட்கத் தைரியம் வரவில்லை.

சமீபத்தில் என் சித்தி மகள், கடுமையான தொற்றில் என்.கே. செல்கள் என்று ஒருவகை அணுக்கள் செயலிழந்துவிடும் என்று சொன்னாள். இந்த இரண்டு டாக்டர்கள் சொன்னதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

இரவுப்பணி
செவ்வாய், இரவு 11:15

அம்மா, நான் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் மருத்துவர். அந்த இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரே படுக்கையில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கும்.

அன்றைக்கு நாங்கள் தினமும் பார்த்த எண்கள் லிம்போசைட், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர். முடிந்த இடங்களில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6. லிம்போசைட் இறங்க இறங்க மற்ற நான்கும் ஏறும். வேலை செய்ய வேண்டிய அணுக்கள் குறைகின்றன, ஆனால் அவை போடுகிற கூச்சல் மட்டும் கூடுகிறது என்று ஜூனியர்களுக்குச் சொல்லுவேன். என்.கே. செல்களைத் தனியாக யாரும் அளந்து பார்க்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை.

ஆய்வகத்தில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் அந்தப் பகுதியைச் சொல்லுங்கள். நான் மருந்துப் பக்கம் பிறகு வருகிறேன்.

ஆய்வகத் தோழி
புதன், காலை 6:20

நான் ரத்த அணுக்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இயந்திரத்தில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். என்.கே. செல்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

என்.கே. என்றால் இயற்கைக் கொல்லி. நம் ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை இவை. 1975-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அதே காலத்தில் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவும் இவற்றை அடையாளம் கண்டார்கள். முன்பின் பழக்கம் இல்லாத புற்றுச் செல்லைக்கூட இவை கொன்றன. டி செல் என்கிற இன்னொரு வகை லிம்போசைட்டுக்கு அந்த வித்தை வராது. ஒரு கிருமியைப் பார்த்து, அதற்கான படையைப் பெருக்கிக்கொண்டு வர அதற்கு ஒரு வாரம் ஆகும். அந்த முதல் வாரத்தை யார் தாங்குவது? அங்கேதான் என்.கே. வருகிறது.

சரி, யாரைக் கொல்வது என்று இதற்கு எப்படித் தெரியும்? விடியற்காலையில் தெருவில் நடந்து போகிறோம். எல்லா வாசலிலும் கோலம் இருக்கிறது. ஒரே ஒரு வாசலில் இல்லை. "என்ன, அந்த வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதா?" என்று கேட்கத் தோன்றும் இல்லையா? நம் செல்கள் ஒவ்வொன்றும் வாசலில் எச்.எல்.ஏ. என்கிற புரதத்தை வைத்திருக்கின்றன. உள்ளே வைரஸ் இருந்தால் அதன் துண்டுகளை இந்தப் புரதம்தான் வெளியே காட்டும், டி செல் அதைப் பார்த்துப் பிடிக்கும். அதனால் பல வைரஸ்கள் உள்ளே நுழைந்ததும் அந்தக் கோலத்தை அழித்துவிடப் பார்க்கும். டி செல்லிடமிருந்து தப்பிக்கலாம். ஆனால் என்.கே. தேடுவதே கோலம் இல்லாத வாசலைத்தான். இந்தக் கருத்தை 1980-களில் க்ளாஸ் கார்ரே என்ற ஸ்வீடன் விஞ்ஞானி முன்வைத்து, 1986-இல் எலிகளில் சோதனை செய்து காட்டினார்.

கொல்லும் முறை இரண்டு படி. சந்தேகப்பட்ட செல்லோடு என்.கே. ஒட்டிக்கொள்ளும். தன் வயிற்றில் உள்ள சிறு பைகளை அந்தப் பக்கமாக நகர்த்திக் கொட்டும். அதிலுள்ள பெர்ஃபோரின் துளை போடும், கிரான்சைம் அந்தத் துளை வழியே உள்ளே போய் அந்தச் செல்லைத் தானே சாக வைக்கும். சில நிமிட வேலைதான். முடிந்ததும் கழன்றுகொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடும்.

இவை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1989-இல் கிறிஸ்டின் பைரன் குழுவினர் ஒரு பதின்ம வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவளுக்கு என்.கே. செல்களே இல்லை. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் இறங்கிவிடும் சின்னம்மை அவளை உயிராபத்து வரை கொண்டுபோனது. பிறகு சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

வெண்பனி, உங்கள் அப்பாவின் கதைக்கு இன்னும் வரவில்லை. வேலைக்குக் கிளம்ப வேண்டும், இரவு தொடர்கிறேன்.

கொழும்புத்துறை ரீச்சர்
புதன், மதியம் 1:05

ஆய்வகத் தோழி, நல்ல விளக்கம். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கோலக் கதையை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் என் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள் என்று தெரிந்த ஒரு கேள்வி இருக்கு. சிவப்பணுக்களில் எச்.எல்.ஏ. அநேகமாக இல்லைத்தானே? அப்படியென்றால் என்.கே. செல்கள் ஏன் எங்கள் சிவப்பணுக்களை எல்லாம் கொன்று தள்ளுவதில்லை?

ஆய்வகத் தோழி
புதன், இரவு 9:30

ரீச்சர், அருமையான கேள்வி. கோலம் இல்லாதது மட்டும் போதாது, வீட்டுக்குள்ளிருந்து புகையும் வர வேண்டும். தொற்றுக்கு ஆளான செல், புற்றாக மாறும் செல், ரொம்ப அடிபட்ட செல் எல்லாம் தங்கள் மேற்பரப்பில் மிக்-ஏ, மிக்-பி போன்ற சில புரதங்களை வெளியே தள்ளும். என்.கே. செல்லில் உள்ள என்.கே.ஜி.2.டி. என்ற கொக்கி அதைப் பிடிக்கும். ஒரு பக்கம் "கொல்லாதே" என்று சொல்லும் கைகள், இன்னொரு பக்கம் "கொல்" என்று சொல்லும் கைகள். எந்தப் பக்கம் கனக்கிறதோ அதன்படி என்.கே. முடிவெடுக்கும். சிவப்பணுவில் கோலம் இல்லை, ஆனால் புகையும் இல்லை. அதனால் அது பிழைத்தது.

இதை வைரஸ்களும் தெரிந்து வைத்திருக்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் எச்.எல்.ஏ.வைப் போலவே தோற்றமுள்ள ஒரு போலிப் புரதத்தைச் செய்து வாசலில் வைக்கிறது, போலிக் கோலம்! இன்னொரு புரதத்தால் மிக்-பி-யை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. கொரோனாவிலும் ஸ்டான்ஃபோர்டில் கேத்தரின் பிளிஷ் குழு 2022-இல் இப்படி ஒன்றைக் காட்டியது. வைரஸின் என்.எஸ்.பி.-1 என்கிற புரதம் செல்லின் புகையை அடக்கிவிடுகிறது. அதனால் என்.கே. செல்கள் தொற்றிய செல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் தொற்றாத செல்களைத்தான் அதிகம் கொன்றன. படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது.

இனி வெண்பனியின் அப்பா. கடுமையான கொரோனாவில் என்.கே. செல்களுக்கு நடந்தது ஒன்று இல்லை, பல. ரத்தத்தில் எண்ணிக்கை குறைந்தது. 2020 தொடக்கத்திலேயே சீனாவின் அன்ஹூயி மாகாணத்திலிருந்து வந்த ஆய்வில், நோயாளிகளின் என்.கே. செல்களிலும் கொல்லும் டி செல்களிலும் என்.கே.ஜி.2.ஏ. என்கிற பிரேக் புரதம் கூடியிருந்தது. அந்த நோயாளிகள் தேறிய பிறகு அது மறுபடி இறங்கியது. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் பார்த்தவர்கள், ஐ.சி.யூ. நோயாளிகளின் என்.கே. செல்களில் பெர்ஃபோரின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 எவ்வளவு கூடுதலோ அவ்வளவு பெர்ஃபோரின் குறைவு. அந்த இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்த நோயாளிகளில் பெர்ஃபோரின் திரும்ப ஏறியது.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் கொல்லும் திறன் திரும்புகிறது. இரண்டு டாக்டர்கள் சொன்னதும் ஒன்றுதான் என்பது அங்கே தெரிகிறது.

பெர்லின் குளிர்
வியாழன், அதிகாலை 3:50

நான் ஜெர்மனியில் நோயெதிர்ப்பியல் ஆராய்ச்சி மாணவன். இந்த இழையைப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது.

ஆய்வகத் தோழி அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையையும் பக்கத்திலுள்ள வாதநோய் ஆராய்ச்சி மையத்தையும் சேர்ந்தவர்கள் 2021 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் முதலில் பார்த்தது: யாருக்கு என்.கே. செல்கள் போதுமான அளவு இருக்கின்றனவோ அவர்களுக்கு வைரஸின் அளவு வேகமாக இறங்குகிறது. ஆரோக்கியமானவர்களின் என்.கே. செல்களைத் தொற்றிய செல்களோடு குடுவையில் வைத்தால் வைரஸ் பெருக்கம் குறைகிறது. கடுமையான நோயாளிகளின் என்.கே. செல்களால் அதைச் சரிவரச் செய்ய முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்று தேடியபோது கிடைத்த விடைதான் என்னை ரொம்ப பாதித்தது. அந்த நோயாளிகளின் ரத்தநீரை ஆரோக்கியமானவரின் என்.கே. செல்கள் மேல் ஊற்றினால் அவையும் மந்தமாகின்றன! அதாவது கோளாறு செல்லுக்குள் பிறவியாக இல்லை, அது நீந்திக்கொண்டிருக்கும் நீரில் இருக்கிறது. அந்த நீரில் இருந்த பொருள் டி.ஜி.எஃப்.-பீட்டா. அதைத் தடுத்தபோது செல்கள் திரும்ப வேலை செய்தன.

டி.ஜி.எஃப்.-பீட்டா கெட்ட பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. சண்டை முடிந்ததும் "போதும், எல்லோரும் அடங்குங்கள், இனிப் புண்ணை ஆற்றுவோம்" என்று உடம்பு சொல்லும் சொல் அது. கடுமையான நோயாளிகளில் அது முதல் இரண்டு வாரத்திலேயே, வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்போதே உச்சத்துக்குப் போய்விடுகிறது. கட்டுரைத் தலைப்பிலேயே 'காலம் தவறிய' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது.

பழையபேட்டை விவசாயி
வியாழன், காலை 5:45

தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். நெல் முற்றி அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது மடையை அடைத்து வயலைக் காயப் போடுவோம். அது சரியான காரியம். அதையே பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் செய்துவிட்டால் அத்தனையும் பதர்தான். அடைத்த மடை ஒன்றுதான், அடைத்த நாள்தான் தப்பு.

பெர்லின் குளிர்
வியாழன், காலை 6:10

ஐயா, இதைவிடத் துல்லியமாக என்னால் சொல்ல முடியாது. அடுத்த ஆய்வகக் கூட்டத்தில் இதை மொழிபெயர்த்துச் சொல்ல உங்கள் அனுமதி வேண்டும்.

பழையபேட்டை விவசாயி
வியாழன், காலை 6:40

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. ஒரு கேள்வியும் இருக்கிறது. 2020-இல் அரசாங்கமே கபசுரக் குடிநீர் கொடுத்தது. நாங்கள் குடும்பமாகக் குடித்தோம். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறது என்று நம்பித்தான் குடித்தோம். இப்போது கடையில் எதிர்ப்பு சக்திப் பொடி, சூரணம், மாத்திரை என்று நிறைய விற்கிறார்கள். இவற்றால் இந்தச் செல்களைக் கூட்ட முடியுமா?

இரவுப்பணி
வியாழன், மாலை 4:25

ஐயா, குடிநீர் குடித்ததில் எந்தத் தவறும் இல்லை. அந்த நேரத்தில் ஊரே ஒன்றாக நின்று எதையாவது செய்துகொண்டிருந்தது, அதுவும் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் "கூட்டுவது" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. வெண்பனியின் அப்பா உடம்பில் உரம் குறைவாக இருந்ததாக எந்த அறிகுறியும் இல்லை. நீங்களே சொன்னீர்கள், மடை அடைபட்ட வயலில் உரம் கொட்டி என்ன பயன்?

எண்களோடு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் நடந்த 'ரெகவரி' ஆய்வின் முடிவு 2020 ஜூன் 16 அன்று வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் மருந்து இல்லாமல் 41.4 விழுக்காடு, மருந்தோடு 29.3. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2-இலிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில்? மருந்து இல்லாமல் 14.0, மருந்தோடு 17.8. அதாவது அவர்களுக்கு நன்மை தெரியவில்லை, எண் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்தது. ஸ்டீராய்டு என்.கே. செல்களையும் சேர்த்து அடக்கும். வைரஸ் பெருகும் முதல் நாட்களில் கொடுத்தால் நாமே மடையை அடைத்த மாதிரி. பிந்தைய நாட்களில் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் அழற்சி, அப்போது அதே மருந்து உயிரைக் காக்கிறது.

2021-இல் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மோசமான பிறகு எங்களிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். சிலருக்கு அப்புறம் கருப்புப் பூஞ்சையும் வந்தது. அவர்கள் முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. தயவுசெய்து யாரும் தாங்களாகவே ஸ்டீராய்டைத் தொடாதீர்கள்.

கொழும்புத்துறை ரீச்சர்
வியாழன், இரவு 8:00

டொக்டர், ஒரு இடம் மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. கொல்லும் திறன் குறைந்தால் அழற்சியும் குறையத்தானே வேண்டும்? ஆட்கள் வேலை செய்யாவிட்டால் சத்தமும் இருக்காதே. ஏன் இரண்டும் எதிரெதிராகப் போகின்றன? இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ.

ஆய்வகத் தோழி
வியாழன், இரவு 10:10

ரீச்சர், இதற்குப் பதில் கொரோனாவுக்கு முன்பே கிடைத்துவிட்டது, அதுவும் ஒரு அரிய குழந்தை நோயிலிருந்து. எச்.எல்.எச். என்று ஒன்று உண்டு. பெர்ஃபோரின் மரபணுவிலேயே பழுதோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு அது வருகிறது என்பது 1999-இல் தெரிந்தது. அந்தக் குழந்தைகளின் என்.கே. செல்லால் கொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கு வருவதோ கட்டுக்கடங்காத அழற்சி. விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், வானத்தில் நிற்கும் ஃபெரிட்டின்.

2015-இல் ஆஸ்திரேலியாவில் இதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள். சாதாரண என்.கே. செல் எதிரிச் செல்லைப் பிடிக்கும், கொல்லும், உடனே விலகும். எதிரி செத்ததுதான் விலகுவதற்கான சைகை. பெர்ஃபோரின் இல்லாத செல் பிடித்த பிடியை விட முடியாமல் சுமார் ஐந்து மடங்கு நேரம் ஒட்டிக்கொண்டே நின்றது. ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்டர்ஃபெரான்-காமா போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் சைகைப் புரதங்களை, கொட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டு மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கும் அணுக்கள் பொங்கி, இன்டர்லூக்கின்-6-ஐ இன்னும் கூட்டின. மேலே ஃபிளாரன்ஸ் ஆய்வில் சொன்னேனே, இன்டர்லூக்கின்-6 கூடினால் பெர்ஃபோரின் குறையும். பெர்ஃபோரின் குறைந்தால் பிடி விடாது, பிடி விடாவிட்டால் மறுபடி சைட்டோகைன். சுற்றிச் சுற்றி அதே இடம்.

வேலை முடியாததால்தான் சத்தம், ரீச்சர்.

இரவுப்பணி
வெள்ளி, அதிகாலை 1:30

இதை என் வார்டில் டெங்குக் காலங்களில் பார்க்கிறேன். டெங்குவில் தட்டணு ஏறி, நீர்க்கசிவு நின்று, எல்லாம் சரியாகும் என்று நினைக்கும் எட்டாம் ஒன்பதாம் நாளில் சிலருக்குக் காய்ச்சல் திரும்ப ஏறும். மண்ணீரல் பெருக்கும், மூன்று வகை ரத்த அணுக்களும் இறங்கும், ஃபெரிட்டின் ஐந்து இலக்கத்தில் வரும். பிறவிக் கோளாறு எதுவும் இல்லாதவர்களுக்கு வைரஸால் வரும் எச்.எல்.எச். அது. அதைக் கண்டறிவதற்காக 2004-இல் வகுத்த எட்டு அளவுகோல்களில் ஒன்றே "என்.கே. செல் செயல்பாடு குறைவு அல்லது இல்லை" என்பதுதான். எங்களால் அதை அளக்க முடிவதில்லை. மற்ற ஏழை வைத்து முடிவெடுக்கிறோம். எட்டில் ஐந்து சேர்ந்தால் எச்.எல்.எச்.

டெங்குக் காய்ச்சல் ஒரு வாரம் தாண்டியும் விடாமல் அடித்தால் ஃபெரிட்டின் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வெண்பனி
வெள்ளி, காலை 7:10

என்ன சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு கண்ணில் நீரோடு படித்தேன். அப்பா பலவீனமாக இருந்ததால்தான் இப்படி ஆனது, நாங்கள் சரியாகச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். இதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, அம்மாவுக்கு லேசாக வந்தது, அப்பாவுக்குக் கடுமையாக வந்தது, ஏன்? இரண்டு, வீடு திரும்பிய மூன்றாம் மாதம் அப்பாவுக்கு விலாவில் அக்கி வந்தது. ஆச்சி சொன்னபடி குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். பிறகுதான் தோல் டாக்டரிடம் போனோம். அப்பாவின் என்.கே. செல்கள் இன்னும் சரியாகவில்லை என்றுதான் அர்த்தமா? டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பெர்லின் குளிர்
வெள்ளி, காலை 11:45

முதல் கேள்விக்கு என் பங்கு. ஒரு மனிதரைப் பற்றி இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அறியப்பட்ட சில காரணங்கள் உண்டு. என்.கே. செல்களை முதலில் எழுப்பிவிடுவது முதல் வகை இன்டர்ஃபெரான், வைரஸ் நுழைந்ததும் செல்கள் அனுப்பும் எச்சரிக்கைப் புரதம். 2020-இல் பாரிஸின் கசனோவா குழுவினர் உயிராபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரைப் பார்த்தபோது, 101 பேரின் ரத்தத்தில் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருந்தது. அந்த 101-இல் 95 பேர் ஆண்கள், ஏறக்குறைய பாதிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அலாரம் அடிக்கும் முன்பே கம்பி அறுபட்ட நிலை. அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது, நல்ல உடம்போடு நடமாடிக்கொண்டிருந்தவர்கள்தான்.

இன்னொன்று மரபணு. என்.கே. செல்லில் என்.கே.ஜி.2.சி. என்று ஒரு தூண்டும் கொக்கி உண்டு. அதற்கான மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. வியன்னாவில் பார்த்தபோது அது இல்லாதவர்கள் கடுமையான நோயாளிகளிடையே அதிகம் இருந்தார்கள். நடைப்பயிற்சியாலோ சாப்பாட்டாலோ மாற்றக்கூடியவை இல்லை இவை. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள் அக்கா.

ஐ.சி.யூ.விலிருந்து வந்தவர்களுக்கு மூச்சு ஏன் பல மாதம் சரியாகவில்லை என்பதற்கும் ஒரு துப்பு இருக்கிறது. நுரையீரலில் தழும்பை உண்டாக்கும் செல்கள் அளவு மீறும்போது அவற்றைக் கொல்வதும் என்.கே.யின் வேலைகளில் ஒன்று. பான் நகரத்துக் குழு 2021-இல், கடுமையான நோயாளிகளின் என்.கே. செல்கள் அதையும் சரியாகச் செய்யவில்லை என்று காட்டியது.

ஆய்வகத் தோழி
வெள்ளி, இரவு 9:15

வெண்பனி, அக்கியைப் பற்றி. சின்னம்மை வைரஸ் நம் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கும். அதைக் காவல் காப்பது முக்கியமாக டி செல்கள், என்.கே. இல்லை. வயது, பெரிய நோய், ஸ்டீராய்டு, மன அழுத்தம் எல்லாம் அந்தக் காவலைத் தளர்த்தும், அப்போது அதுவே அக்கியாக வெளியே வரும். அப்பாவுக்கு நான்குமே இருந்தன. அதனால் அக்கி வந்ததை வைத்து என்.கே. செல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அக்கி எழுதியது மனதுக்கு ஆறுதல், காவி பூசினால் எரிச்சலும் கொஞ்சம் குளிரும். ஆனால் அசைக்ளோவிர் வகை மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆச்சி சொல்வதையும் செய்யுங்கள், டாக்டரிடம் முதலில் போங்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அக்கித் தடுப்பூசி இப்போது நம் நாட்டிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

டெஸ்ட் விஷயத்தில் நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆய்வகத்தில் "என்.கே. டெஸ்ட்" என்று எடுப்பது பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும். மேற்பரப்பில் சி.டி.3 என்ற அடையாளப் புரதம் இல்லாத, சி.டி.56 அல்லது சி.டி.16 உள்ள செல்கள் எத்தனை என்று என் இயந்திரம் எண்ணித் தரும். அவை கொல்லுகின்றனவா என்று அது சொல்லாது. அதைப் பார்க்க கே-562 என்ற ரத்தப் புற்றுச் செல் வரிசையோடு நோயாளியின் செல்களைச் சேர்த்து வைக்க வேண்டும். கே-562-க்கு எச்.எல்.ஏ. கோலம் இல்லாததால் நல்ல என்.கே. அதைச் சும்மா விடாது. பழைய முறையில் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றி நான்கு மணி நேரத்தில் எவ்வளவு வெளியே கசிகிறது என்று அளப்பார்கள். ரத்தம் எடுத்த ஒரு நாளுக்குள் செய்தாக வேண்டும், பயணத்தில் குழாய் சூடானாலே செல்கள் சோர்ந்துவிடும். ஒரு தடவை மதிய வெயிலில் வந்த குழாயை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்தக் குடும்பம் மறுநாள் மறுபடி பயணம் செய்து வர வேண்டியிருந்தது. அவ்வளவு மென்மையான சோதனை.

அப்பா இத்தனை வருடம் நன்றாக இருக்கிறார், திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வரவில்லை என்றால் அந்தச் சோதனையால் அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. என்.கே. செல் ரத்தத்தில் சுமார் இரண்டு வாரம்தான் வாழும். 2021 மே மாதத்தில் மந்தமாகிக் கிடந்த அந்தச் செல்களில் பெரும்பாலானவை அப்பா வீடு திரும்பிய சில மாதங்களுக்குள் மறைந்துபோயிருக்கும். எலும்பு மஜ்ஜை புதியவற்றைச் செய்துகொண்டே இருக்கிறது.

கொழும்புத்துறை ரீச்சர்
சனி, காலை 9:20

இன்றைக்கு வகுப்பில் கோலம், புகை, மடை மூன்றையும் சொன்னேன். ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், அப்ப தடுப்பூசி போட்டால் என்.கே. செல்லுக்கும் உதவுமோ?" என்று கேட்டாள். நான் "பொறு, கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

பெர்லின் குளிர்
சனி, மதியம் 2:30

உதவும் ரீச்சர். அந்தத் தங்கையிடம் சொல்லுங்கள். தடுப்பூசியால் உருவான எதிர்ப்பொருள், தொற்றிய செல்லின் மேற்பரப்பில் தெரியும் வைரஸ் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். என்.கே. செல்லின் சி.டி.16 என்கிற கை அந்த எதிர்ப்பொருளின் வாலைப் பிடிக்கும். வைரஸ் புகையை எவ்வளவுதான் அடக்கினாலும், கதவில் ஒட்டிய அந்தச் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும். கோலம், புகை இரண்டுக்கும் அப்பால் இது மூன்றாவது வழி.

வெண்பனி
சனி, இரவு 8:50

அப்பாவே எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். விவசாயி ஐயாவின் மடைக் கதை வந்த இடத்தில் நிறுத்தி, "எங்கள் தாத்தா வயலில் 67-இல் இப்படித்தான் ஆச்சு" என்று அரை மணி நேரம் பேசினார். அக்கி ஊசியைப் பற்றிக் கேட்க வரும் வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். பழைய கோப்பையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், அந்த 480 என்ற எண்ணைத் தானே ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

பழையபேட்டை விவசாயி
ஞாயிறு, காலை 5:30

அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் தாயி. எந்த ஊர் வயல் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.